ஜெயந்தினி வெட்டாத வரி

பேச்சு நீண்டால் ஜெயந்தினிக்குப் பிடிக்காது. கல்யாண வீட்டு வாழ்த்துரை, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் வியாதிக் கதை, கோயில் திருவிழாவில் மைக் பிடித்தவரின் நன்றியுரை, எதுவானாலும் கேட்கும்போதே மனசுக்குள் வெட்டிக்கொண்டு வருவாள். கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு வரி. சில பேரிடம் அதுவும் மிஞ்சாது. அப்படிப்பட்டவர்களை அவள் அதற்குப் பிறகு நேராகப் பார்ப்பதே இல்லை.

கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதிய செய்திகளை வெட்டிச் சுருக்குவதுதான் அவள் வேலையாக இருந்தது. பத்திரிகை படுத்த பிறகு ஹட்டனுக்குத் திரும்பி வந்து, மலைவாழ்வு மன்றத்தில் சேர்ந்தாள். பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு துணிக்கடையின் மேல்மாடி. மண்சரிவு வரக்கூடிய தோட்டங்களில் மன்றம் விசாரணைக் கூட்டம் நடத்தும். மக்கள் பேசுவதெல்லாம் பதிவாகி, தட்டச்சாகி, ஒரு கட்டுக் காகிதமாக அவள் மேசைக்கு வரும். அவள் அதை ஒரு பக்கமாக்குவாள். அந்த ஒரு பக்கம்தான் நுவரெலியாவில் இருக்கும் அதிகாரிகளுக்குப் போகும். கட்டை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால் அதிகாரிகள் மீதும் அவளுக்கு மதிப்பில்லை.

மன்றத்தின் பணிப்பாளர் ஜீவராஜ் மீது இருந்தது மதிப்பின்மையைத் தாண்டிய ஒன்று. அவர் எந்த வாக்கியத்தையும் "அதாவது" என்று தொடங்குவார். முன்னால் எதுவும் சொல்லாமலே எதை விளக்குகிறார் என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த ஜீவராஜ்தான் ஒருநாள் ஓர் இளைஞனைக் கூட்டிக்கொண்டு அவள் அறைக்குள் வந்தார்.

"அதாவது, இவர் தர்ஷன். நம்ம வட்டவளைப் பிள்ளை. கெம்பஸ்ல கம்ப்யூட்டர் ஆராய்ச்சி பண்றாரு. நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னு பார்க்கணுமாம்."

தர்ஷன் ஒல்லியாக இருந்தான். தோளில் கேமராப் பை. உட்காரச் சொல்லும்வரை நின்றான். அது ஒன்றுதான் அவனிடம் அவளுக்குப் பிடித்திருந்தது.

"கம்ப்யூட்டர்தான் இப்ப எதைக் குடுத்தாலும் சுருக்கிக் குடுக்குதே" என்றாள். "என் தங்கச்சி மக பரீட்சைக்கே அதைத்தான் படிக்குது. அப்புறம் நான் எதுக்கு?"

"அது எழுதும் மிஸ். ஏன் இத எடுத்த, ஏன் அத விட்டன்னு கேட்டா, கேட்டதுக்காக ஏதாச்சும் ஒரு காரணத்த சொல்லும். அத நம்ப முடியாது. நெசமான காரணத்தோட வேலை செய்யிற ஒண்ண நான் கட்டப் பார்க்கிறேன். அதுக்குக் காரணம் தெரிஞ்ச ஆள் வேணும்."

காரணம் தெரிந்த ஆள் என்ற சொல் அவள் காதில் இனிமையாக விழுந்தது. சம்மதித்தாள்.

வேலை இதுதான்: அவள் வழக்கம்போல் கட்டை வாசித்துச் சுருக்க வேண்டும். மனசில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். கேமரா ஒன்று முகத்தையும், இன்னொன்று கையையும் காகிதத்தையும் பிடிக்கும். முதல் நாள் அவளுக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் தர்ஷன் மெதுவாக, "பேசுங்க மிஸ்" என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் நாளிலிருந்து ருசி கண்டுவிட்டாள். இத்தனை வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்த ஏளனத்துக்கு இப்போது ஒரு சபை கிடைத்திருந்தது.

"இவரு எல்லாருக்கும் வணக்கம் சொல்றாரு. வீசு. இது போன பக்கத்துல இன்னொருத்தர் சொன்னது, இவரு சொந்தமாக் கண்டுபிடிச்ச மாதிரி திருப்பிச் சொல்றாரு. வீசு. இந்தம்மா அழுறாங்க. வீசு."

"அழுகையையுமா மிஸ்?"

"அழுதாங்கன்னு ஒரு வார்த்தை போதும். கண்ணீர தபால்ல அனுப்ப முடியுமா?"

தர்ஷன் குறித்துக்கொண்டான். அவன் குறிக்கக் குறிக்க அவள் சட்டம் இயற்றத் தொடங்கினாள். ஆரம்பத்தையும் முடிவையும் பார், நடுவில் இருப்பது இழுவை. எண்ணும் இடமும் வந்தால் நில். சாமி கதை, சொந்தப் பெருமை, பக்கத்து வீட்டுச் சண்டை, இந்த மூன்றும் எங்கே வந்தாலும் வாசிக்காமலே வெட்டலாம்.

"வாசிக்காமலேவா?"

"வாசிச்சா நேரந்தான் வீண்."

சில மாதங்கள் கழித்து தர்ஷன் தான் எழுதிய நிரலை ஒரு மடிக்கணினியில் கொண்டுவந்தான். அவள் செய்ததையெல்லாம் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு குட்டி ஆளை வைத்திருந்தான். ஒருவன் திரும்பத் திரும்ப வருவதைப் பிடிப்பான். ஒருவன் தலைப்போடு ஒட்டாததைத் தள்ளுவான். ஒருத்தி, இது யாருக்குப் போகிறது, அவர்களுக்கு இது தேவையா என்று மட்டும் கேட்பாள். எல்லாரும் தங்கள் முடிவை ஒரே பலகையில் எழுதுவார்கள். திரையில் அந்தப் பலகை தெரிந்தது. வரிகள் வந்து விழுந்தன, சில சிவந்தன, சில மறைந்தன.

"இவங்க எல்லாம் என் தலைக்குள்ள இருக்கிறவங்களா?" என்று கேட்டாள் ஜெயந்தினி.

"அப்படித்தான் மிஸ் நினைக்கிறேன்."

"இத்தனை பேர் குடியிருக்கிறது தெரிஞ்சிருந்தா முன்னாடியே காலி பண்ணச் சொல்லியிருப்பேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டான். ஆனால் அவள் பழைய கட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது, நிரல் தந்த பக்கம் மோசமாக இல்லை. அதில் ஒரு திமிர் இருந்தது. யாருடைய திமிர் என்று அவளுக்குத் தெரிந்தது. எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஜீவராஜ் இதை ஒரு விழாவாக்கினார். கொழும்பிலிருந்து மன்றத்துக்கு உதவி செய்கிறவர்கள் வந்தார்கள். நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்போதுதான் முடிந்திருந்த விசாரணைக் கட்டை அவளுக்கும் நிரலுக்கும் கொடுத்தார்கள். அவள் வேலை செய்ததை வழக்கம்போல் தர்ஷன் கேமராவில் பிடித்தான். பிறகு இரண்டு பக்கங்களையும் பெயர் போடாமல் விருந்தினர்கள் கையில் கொடுத்தார்கள்.

அவர்கள் வடையைக் கடித்தபடி வாசித்தார்கள். முதல் பக்கம்தான் அனுபவசாலியின் கை என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அது நிரல் எழுதியது. இரண்டாம் பக்கமும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த ஒரு வரி எதற்கு என்று ஒரு வெள்ளைச்சட்டைக்காரர் விரல் வைத்துக் காட்டினார்.

"மூன்றாம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் உள்ள ஊற்றுப் பீலியில், மழை இல்லாத நாட்களிலும் சேற்றுத் தண்ணீர் வருகிறது."

ஜீவராஜ் கட்டைப் புரட்டினார். அவர் ஒரு கட்டைப் பிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அதாவது, இது சோலைமலைன்னு ஒரு பழைய கங்காணி சொன்னது. தண்ணியில மூக்கன் மண்ணக் கரைச்சு விடுறான், என்மேல உள்ள பொறாமையில செய்யிறான்னு சொல்றாரு. பக்கத்துக் காம்பராக்காரன் சண்டை. சாட்சி சொன்னது ஒன்னு, நீங்க எழுதினது ஒன்னு. மூக்கனையே தூக்கிட்டீங்களே. ஏன் மிஸ்?"

ஜெயந்தினி தன் பக்கத்தைத் திருப்பி வாங்கி அந்த வரியைப் பார்த்தாள். சோலைமலையை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தக் காகிதக் கட்டில் பாதியை அந்த மனிதர் தின்றிருந்தார். தன் காலத்தில் தோட்டத் துரைமார் தன்னைக் கேட்காமல் எதுவும் செய்ததில்லை, திருவிழாவில் முதல் மரியாதை தனக்குத்தான், தன் குரல் அடுத்த மலைக்குக் கேட்கும். அவரைப் பக்கம் பக்கமாக வீசியிருந்தாள். அதற்கு நடுவில் இந்த ஒரு வரி எப்படித் தப்பியது?

"தெரியல" என்றாள்.

அந்த அறையில் அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. விருந்தினர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நிரலின் பக்கம் அன்று மாலையே நுவரெலியாவுக்குப் போய்விட்டது. அதன்படி அந்த லயங்களுக்கு ஆபத்து குறைவு. அவளுடைய பக்கத்தை ஜீவராஜ் ஒரு கோப்பில் வைத்தார்.

மறுநாள் தர்ஷன் அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பதிவைப் போட்டுக் காட்டினான். ஒரு திரையில் அவள் முகம், மறு திரையில் அவள் கை. பீலி வரும் இடத்தில் வாய் சொன்னது: "சண்டை. வீசு." அதே நேரத்தில் பக்கத்துத் திரையில் கை குறிப்புத்தாளில் எழுதிக்கொண்டிருந்தது: பீலி, சேறு, மழை இல்லை.

தன் முகத்தை அவள் வெறுப்போடு பார்த்தாள். என்ன ஒரு மிதப்பு. இப்படி மூக்கை உயர்த்திக்கொண்டு பேசுகிறவள் ஒருத்தி கூட்டத்தில் இருந்தால், பார்த்த உடனேயே வெட்டியிருப்பாள்.

"மழை இல்லாம தண்ணி கலங்குறது மண்சரிவுக்கு அறிகுறி" என்றாள். "அதுனாலதான் எழுதினேன்."

"அப்படியிருந்தா அப்பவே சொல்லியிருப்பீங்க மிஸ். அதோட, மூக்கன்தான் கலக்குறான்னா அது அறிகுறி இல்லையே. இது நீங்க இப்பச் செஞ்ச காரணம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பாள். அவன் சொன்னது சரியாக இருந்தது. சரியாக இருப்பதை வெட்ட அவளுக்குப் பழக்கமில்லை.

அவன் போன பிறகு கட்டை எடுத்து முதலிலிருந்து வாசித்தாள். ஒரு தடவை முடித்த கட்டை அவள் திரும்பத் தொட்டதே கிடையாது. வணக்கங்களை வாசித்தாள். அழுகையை வாசித்தாள். முன்பகுதியில் ராசம்மா என்று ஒருத்தி பேசியிருந்தாள். தன் வீட்டு ஓட்டைக் கூரையைப் பற்றிச் சொல்லிவிட்டு, போகிற போக்கில், "எங்க வீட்டுக்காரரு கால் முறிஞ்சு வட்டவளையில மக வீட்டுல கெடக்குறாரு, பொங்கலுக்கு முன்னாடி போனவரு, நான் தனியா இந்த ஓட்டைக்கு வாளி வச்சுக்கிட்டுக் கெடக்குறேன்" என்றிருந்தாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் வீட்டுக்காரரின் பெயரும் போட்டிருந்தது: மூக்கன்.

தண்ணீர் கலங்கத் தொடங்கியது பொங்கல் கழிந்து வெகுநாளைக்குப் பிறகு, போன மாதந்தான் என்று சோலைமலை சொல்லியிருந்தார்.

அப்படியென்றால் மண்ணைக் கரைப்பது யார்?

ராசம்மாவின் பேச்சைப் படித்து, வீசு என்று சொல்லி, மறந்தும் விட்டவள் அவள்தான். வீசியது எங்கேயோ போய் விழாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது. அவளைக் கேட்காமல் தானே எழுந்து வந்து, சோலைமலையின் வாயிலிருந்து மூக்கனைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தண்ணீரை மட்டும் கொடுத்திருக்கிறது. தன் தலைக்குள் தனக்குத் தெரியாமல் ஒன்று வேலை பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஜீவராஜுக்குக் கீழே வேலை செய்வதைப் போல இருந்தது.

அடுத்த நாள் காலையில் தர்ஷனைக் கூட்டிக்கொண்டு நோர்வூட் பஸ் ஏறினாள். இறங்கி ஆட்டோ பிடித்து, ஆட்டோ போக மறுத்த இடத்திலிருந்து நடந்தார்கள். சோலைமலை, லயத்தின் கடைசி வீடான தொங்கல் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் நாற்காலி போட்டு, ஆள் வருவதற்காகவே காத்திருந்தவர் போல் உட்கார்ந்திருந்தார்.

"ஆபீஸ் ஆளா? வாங்க, வாங்க. நான் அன்னிக்குப் பேசினதக் கேட்டிருப்பீங்களே."

"படிச்சேங்கய்யா."

"எந்த எடம் நல்லா இருந்துச்சு?"

"பீலி."

அவர் முகம் சுருங்கியது. துரைமாரைப் பற்றிய பகுதியை எதிர்பார்த்திருந்தார் போலும். "ஆமா, அந்த மூக்கன் பய. எங்க அப்பா கட்டின பீலி அது. அதப் பார்த்து அவனுக்கு வயித்தெரிச்சல்."

"மூக்கன்தான் வட்டவளையில கெடக்குறாரே?"

"கெடந்தா?"

"அப்ப யாருங்கய்யா இங்க வந்து மண்ணக் கரைக்கிறது?"

"அங்க இருந்துக்கிட்டே செய்வாம்மா. நீ அவன அறிய மாட்ட."

ஜெயந்தினி அவரைப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை. முழுக்க நம்பித்தான் சொல்கிறார். உலகத்தில் நடப்பதெல்லாம் தன்னை நோக்கித்தான் நடக்கிறது என்று நினைக்கிறவருக்குத் தண்ணீர் கலங்கினாலும் அதற்கு ஒரு பொறாமைக்காரன் தேவைப்படுகிறான். இந்த மனிதரைப் பக்கம் பக்கமாக வெட்டியதில் தப்பே இல்லை என்று அப்போதும் நினைத்தாள். அதற்கு நடுவில் இருந்த தண்ணீர் மட்டும் உண்மை.

பீலிக்குப் போனார்கள். வானம் வெளுத்திருந்தது, மழை விட்டுப் பல நாளாயிருந்தது. தகரக் குழாயிலிருந்து பால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே தேயிலைக்குள் ஏறினாள். பாதை ஓரிடத்தில் பிளந்திருந்தது. கீழ்ப்பக்கத்து நிரை செடிகள் ஒன்றுசேரச் சாய்ந்து நின்றன. பிளவுக்குள் குடையை விட்டாள். பிடிவரை இறங்கியது.

"நிரல்ல ஒரு ஆளக் கூட்டணும் மிஸ்" என்றான் தர்ஷன். அவன் கண்ணில் ஒரு துள்ளல் இருந்தது. "ரெண்டு சாட்சி சொல்றது ஒன்னுக்கொன்னு மோதுதான்னு பார்க்கிற ஆள்."

"கூட்டுங்க. அடுத்த தடவை வேற ஒன்னு தப்பும். அதுக்கும் ஒரு ஆளக் கூட்டுங்க."

"நீங்களும் தப்ப விட்டிருக்கலாமே மிஸ்?"

"விட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "வாயால."

ஜீவராஜிடம் சொன்னபோது, அதாவது, ஏற்கனவே அனுப்பிய பக்கத்தைத் திரும்ப வாங்கினால் மன்றத்தின் பெயர் என்னாவது என்று கேட்டார். தன் பக்கத்தைச் சிங்களத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, அவளே நுவரெலியாவுக்குப் போனாள். அதிகாரி நிரலின் பக்கத்தை எடுத்துக் காட்டி, உங்கள் மன்றமே ஆபத்து குறைவு என்று எழுதியிருக்கிறதே என்றார்.

"அதைக் கிழித்துப் போடுங்கள்" என்றாள் ஜெயந்தினி சிங்களத்தில். "இரண்டையும் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. போய்ப் பாருங்கள்."

அவர் எரிச்சலோடுதான் ஆள் அனுப்பினார். வந்தவர்கள் பிளவைப் பார்த்ததும் அன்றைக்கே மூன்றாம் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். குடும்பங்கள் சட்டி பானையோடு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போயின. நன்றி என்று யாரும் சொல்லவில்லை. மண்டபத்தில் மறைப்பு இல்லை, கழிப்பறை ஒன்றுதான், குழந்தைகளுக்கு இருமல். சோலைமலை வருகிறவர் போகிறவரிடமெல்லாம், பீலித் தண்ணீருக்கு நியாயம் கேட்டதற்கு ஹட்டன் பொம்பளை ஒருத்தி வீட்டையே பிடுங்கிவிட்டாள் என்று சொன்னார். அது அவள் காதுக்கும் வந்தது. ஒரு தடவையாவது சுருக்கமாகப் பேசியிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள்.

தென்மேல் பருவமழை பிடித்த வாரத்தில் அந்த மலைச் சரிவு இறங்கியது. பீலி போயிற்று. தொங்கல் காம்பராவும் அதற்கு அடுத்ததும் மண்ணுக்குள் போயின. உள்ளே யாரும் இல்லை. கட்டிப் போட்டிருந்த ஆடு ஒன்று செத்தது. ராசம்மா மண்டபத்து வாசலில் உட்கார்ந்து அந்த ஆட்டுக்காக அழுதாள். இதுவும் மூக்கன் வேலைதான் என்று சோலைமலை சொன்னார். ஆனால் முன்பு போல் குரல் அடுத்த மலைக்குக் கேட்கவில்லை.

மன்றத்தின் ஆண்டறிக்கையில், நவீன கணினி முறையின் துணையோடு அபாயம் முன்கூட்டியே இனங்காணப்பட்டது என்று ஜீவராஜ் எழுதியிருந்தார். ஜெயந்தினி அதை அவர் மேசையில் வைத்து, அந்த வாக்கியத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அவர் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அறிக்கை கோடு இல்லாமலே அச்சாகி வந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் தர்ஷன் தன் ஆய்வின் ஓர் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு வந்தான். அவளைப் பற்றியது, அவள் பெயர் போடாதது. அவளுடைய அனுமதி வேண்டுமாம். பணிப்பாளர் சேர் நோர்வூட் பகுதியை எடுத்துவிடச் சொன்னதாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் சொன்னான்.

அவள் பேனாவை எடுத்துக்கொண்டு வாசித்தாள். வழக்கம்போல் நீளம். நிபுணர்கள் எப்படித் தலைப்பைப் பற்றிக்கொள்கிறார்கள் என்று இரண்டு பக்கம், அரைப் பக்கத்தில் சொல்லலாம். அடித்தாள். தன் சட்டங்களை எல்லாம் மரியாதையோடு வரிசைப்படுத்தியிருந்தான். அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பாதியை அடித்தாள். அவன் எதிரே உட்கார்ந்து, அடிபடும் ஒவ்வொரு வரியையும் தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தான்.

நோர்வூட் பகுதிக்கு வந்தாள். அங்கே அவன் எழுதியிருந்தான்: "அந்த வரியை ஏன் வைத்தார் என்பது நிபுணருக்கே தெரியவில்லை. நிரலுக்கும் தெரியாது."

பேனா அங்கே நின்றது. பிறகு இரண்டாவது வாக்கியத்தை அடித்தாள்.

"நிரலுக்குத் தெரியாதுங்கிறத எழுதித்தான் சொல்லணுமா?" என்றாள்.

"முதல் வரி மிஸ்?"

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

"அது இருக்கட்டும்."